அளவுகோல்கள் மாறிய கதை: தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை, 1875–2022

1950இல் சென்னை மாகாண அரசு நடத்திய மருத்துவக் கல்லூரிகள் நான்கு. நான்கிலும் சேர்த்து இருந்த இடங்கள் 330. வெளியிலிருந்து வருவோருக்கு 17, அரசு தன் விருப்பப்படி நிரப்ப 12 என ஒதுக்கியபின், மீதி இடங்களை மாவட்டங்களின் நான்கு தொகுதிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் 14 இடங்கள் ஒரு சுற்று: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. இதற்கு மேல், தொகுதிதோறும் 20 சதவீதத்துக்குக் குறையாமல் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்றும் விதி இருந்தது.

செண்பகம் துரைராஜன் வழக்கின் தீர்ப்பில் பதிவாகியிருக்கும் கணக்கு இது. அந்த வழக்கைச் சாதி ஒதுக்கீட்டின் வழக்காக மட்டுமே படித்துப் பழகிவிட்டோம். ஆனால் பிறப்பு, பால், ஊர் என மூன்று அளவுகோல்கள் அந்தக் கணக்கில் சேர்ந்தே இருக்கின்றன. அடுத்த எழுபது ஆண்டுகளில் இவற்றுள் எது நிலைத்தது, எது விழுந்தது, புதிதாக எது முளைத்தது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எத்தனை சதவீதம் என்பது எப்போதும் உரத்துப் பேசப்பட்டிருக்கிறது. அந்தச் சதவீதத்துக்குள் யாரை எதைக் கொண்டு அளந்து எடுப்பது என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. வாசலைத் திறந்ததிலும் அடைத்ததிலும் இந்த இரண்டாவது கேள்விக்கே பெரும்பங்கு உண்டு என்பது என் முடிபு.

முதலில் தட்டப்பட்டது பெண்களுக்கான கதவு. 1835இல் பள்ளியாகத் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரி, 1875இல் மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. தேவதாசி குலத்துத் தாய்க்குப் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், மன்னரின் அனுமதியுடன் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஆண்களோடு அமர்ந்து படித்து, 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். 1912இல் பட்டம் பெற்றார். அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் விதிவிலக்காக ஒருவர் நுழைவது வேறு, விதியே மாறுவது வேறு. மேலே கண்ட 20 சதவீத விதி இரண்டாவது வகையைச் சேர்ந்தது. இட ஒதுக்கீட்டு வரலாற்றை எழுதுவோர் அதற்கு ஒரு வரிகூடத் தருவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

வகுப்புவாரி முறை 1921இல் நீதிக்கட்சி ஆட்சியில் அரசு வேலைகளுக்கென வந்தது. பின்னர் கல்லூரிச் சேர்க்கைக்கும் பரவியது. 1920களின் இறுதியில் நடைமுறைக்கு வந்த 12 இடச் சுற்றில் பிராமணரல்லாதாருக்கு 5, ஒடுக்கப்பட்டோருக்கு 1. பிராமணரல்லாதார் என்ற பெரிய பெயருக்குள் நிலமும் எழுத்தறிவும் கொண்ட சில சாதிகளே முந்திக்கொண்டன. 1934இல் பிற்பட்டோர் தங்களுக்கெனத் தனிச் சங்கம் கண்டு தனிப் பங்கு கேட்டதற்கு இதுவே காரணம். 1947இல் சுற்று 14 ஆனபோது 'பிற்பட்ட இந்துக்கள்' என்ற தனி வரிசை பிறந்தது. அரிஜனங்களின் பங்கு 2 ஆயிற்று. ஒரு பிரிவைப் பெயர் சொல்லி எண்ணத் தொடங்கிய பிறகுதான் அதற்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வு கண்ணுக்குத் தெரிகிறது. இந்த வரலாறு முழுவதிலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான்.

1951 ஏப்ரல் 9 அன்று, செண்பகம் துரைராஜன் வழக்கில், உச்ச நீதிமன்றம் இந்த வகுப்புவாரி அரசாணையைச் செல்லாது என்றது. அரசு வேலைகளுக்குப் பிற்பட்டோர் ஒதுக்கீட்டை அனுமதிக்கும் உட்பிரிவு அரசமைப்பில் இருந்தது. கல்விக்கு அப்படி ஒன்று இல்லை என்பதே தீர்ப்பின் அச்சாணி. தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியும் பெரியாரின் போராட்டமும் தில்லிவரை எட்டின. இரண்டே மாதத்தில், ஜூன் 18 அன்று, முதல் அரசமைப்புத் திருத்தம் 15(4) என்ற உட்பிரிவைச் சேர்த்தது. சென்னை அரசு பட்டியல் பிரிவினருக்கு 15, பிற்பட்டோருக்கு 25 சதவீதம் என்று புதுக்கணக்குப் போட்டது.

பிறப்பு என்ற அளவுகோலுக்கு இப்படிச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. ஊர் என்ற அளவுகோலுக்குக் கிடைக்கவில்லை. மாவட்ட மக்கள்தொகையைக் கொண்டு மருத்துவ இடங்களைப் பிரித்த முறையை 1968இல், ராஜேந்திரன் வழக்கில், உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பிற்பட்ட சாதிகளின் பட்டியல் செல்லும், மாவட்டப் பங்கீடு செல்லாது என்று ஒரே தீர்ப்பில் இரண்டையும் சொன்னது. பின்னர் அரசு சென்னை நகரக் கல்லூரிகளை ஓர் அலகாகவும் பிற ஊர்க் கல்லூரிகளைத் தனித்தனி அலகுகளாகவும் வைத்துப் பார்த்தது. பெரியகருப்பன் வழக்கில் அதுவும் விழுந்தது.

இந்த வழக்கில் சற்று நின்று பார்க்க வேண்டிய செய்தி வேறொன்று. அன்றைய சேர்க்கையில் மொத்த மதிப்பெண் 275. அதில் 75 நேர்முகத்துக்கு. விளையாட்டு, தேசிய மாணவர் படை, உடல் உறுதி, பொதுத் திறன், மருத்துவத்தில் நாட்டம் போன்றவற்றைக் குழுவினர் சில நிமிடப் பேச்சில் எடைபோட்டார்கள். கால்வாசிக்கும் மேற்பட்ட மதிப்பெண் இப்படிப் போயிற்று. நேர்முகத்துக்கு இது அதிகம் என்று நீதிமன்றமே சொன்னது. உழவர் வீட்டுப் பிள்ளையும் தோல் பதனிடும் தொழிலாளியின் மகளும் அந்த மேசைக்கு முன்னால் எந்தத் 'தோரணை'யைக் காட்டியிருக்க முடியும்? எத்தனை இடம் என்பதை ஒதுக்கீடு முடிவு செய்தது. அந்த இடம் யார் கைக்குப் போகும் என்பதை நேர்முக மேசை முடிவு செய்தது.

ஒதுக்கீட்டின் பயன் எங்கே தேங்கியது என்பதை முதன்முதலில் எண்களோடு சொன்னது சட்டநாதன் ஆணையம். 1969இல் அமைக்கப்பட்டு மறு ஆண்டே அறிக்கை தந்தது. பிற்பட்டோர் மக்கள்தொகையில் ஏறத்தாழ 11 சதவீதமே உள்ள ஒன்பது சாதிகள், அப்பிரிவினர் பெற்ற மருத்துவ இடங்களில் 47 சதவீதத்தையும் பொறியியல் இடங்களில் 44 சதவீதத்தையும் எடுத்துக்கொண்டிருந்தன. பிற்பட்டோர் பங்கை உயர்த்தவும், அவர்களுள் மேலே வந்துவிட்டவர்களை விலக்கவும் ஆணையம் பரிந்துரைத்தது. அரசு முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. 1971இல் பிற்பட்டோருக்கு 31, பட்டியல் பிரிவினருக்கு 18 சதவீதம் ஆனது. 1979இல் எம்.ஜி.ஆர். அரசு 9,000 ரூபாய் வருமான வரம்பு கொண்டுவந்து, மறு ஆண்டு மக்களவைத் தேர்தலில் தோற்றதும் அதைக் கைவிட்டுப் பிற்பட்டோர் பங்கை 50 ஆக்கியது. வருமானத்தைப் பார்ப்பதா, உள்ளே இருக்கும் அடுக்குகளைப் பார்ப்பதா என்ற கேள்விக்கு, தனி ஒதுக்கீடு கேட்டு நடந்த 1987 வன்னியர் போராட்டத்துக்குப் பின் இரண்டாவதே விடையாயிற்று. 1989இல் அந்த 50க்குள் மிகப் பிற்பட்டோருக்கு 20 சதவீதம், பிறகு பழங்குடியினருக்குத் தனி 1 சதவீதம், 2009இல் பட்டியல் பிரிவினருக்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு. மொத்தம் 69 என்ற அளவு 1994இல் அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணைக்குள் சென்றது. இவற்றுள் அருந்ததியர் உள் ஒதுக்கீட்டையே மிகத் தாமதமான நீதி என்பேன். 1920களில் 'ஒடுக்கப்பட்டோர்' என்று ஓர் இடம் ஒதுக்கியதற்கும், அவர்களுள் கடைசியில் நின்றவர்களைப் பெயர் சொல்லி அழைத்ததற்கும் இடையே எண்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

அளக்கும் முறையும் இதற்கு இணையாக மாறியது. நேர்முகத்தின் மீது எழுந்த புகார்களுக்கு விடையாக 1984இல் நுழைவுத்தேர்வு வந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்து 200, நுழைவுத்தேர்வுக்கு 100 என 300க்குக் கட்-ஆஃப் கணக்கிட்டார்கள். ஆள் பார்த்து மதிப்பெண் போடும் வழக்கம் ஒழிந்தது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம். ஆனால் பயிற்சி மையங்கள் நகரங்களில் இருந்தன, கட்டணமும் கேட்டன. கிராமப்புற மாணவருக்குத் தனி இடம் தரும் முயற்சியும், முன்பு மாவட்டப் பங்கீடு விழுந்ததுபோல, நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஆனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைப்படி சட்டம் இயற்றி, 2007 சேர்க்கை முதல் நுழைவுத்தேர்வை எடுத்தார்கள். அப்போது பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காகவே நாமக்கல் வட்டாரத்தில் விடுதிப் பள்ளிகள் பெருகின. பதினோராம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்தி, இரண்டு ஆண்டும் அதையே மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அரசுப் பள்ளிகளிலிருந்து மருத்துவம் சேர்ந்தவர்கள் ஆண்டுக்குச் சில பத்துப் பேர்தான். நாடு முழுமைக்குமான நீட் நுழைவுத்தேர்வு வந்ததால்தான் எல்லாம் கெட்டது என்று எழுதுவது எளிது, ஆனால் வரலாறு அப்படி இல்லை.

நீட் கெடுத்ததும் சிறிதல்ல. 2017இல் மாநிலப் பாடத்திட்ட மாணவருக்கு 85 சதவீத உள் ஒதுக்கீடு தந்த ஆணையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆகஸ்ட் 22 அன்று நீட் அடிப்படையிலேயே சேர்க்கை என்று உச்ச நீதிமன்றத்தில் முடிவானது. பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்த, கட்-ஆஃப் 200க்கு 196.75 இருந்த குழுமூர் மாணவி அனிதாவை, மருத்துவ இடம் கிடைக்காத நிலையில், அந்த ஆண்டு இழந்தோம். நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழு தொகுத்த ஓர் எண் புதிய அளவுகோலின் தன்மையைக் காட்டிவிடுகிறது. மருத்துவம் சேர்ந்தோரில் ரிப்பீட்டர்கள் 2016-17இல் 12.47 சதவீதம், 2020-21இல் 71.42 சதவீதம். பிளஸ் டூ முடித்து ஓராண்டு, ஈராண்டு வீட்டிலிருந்து கோச்சிங் போக முடிகிற குடும்பம் எது, முடியாத குடும்பம் எது என்பது ஒவ்வொரு ஊரிலும் தெரிந்த விஷயம். 2019-20இல் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்கள் 6 பேர்.

இந்த நெருக்கடியிலிருந்துதான் புதிய அளவுகோல் பிறந்தது: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர். நீதிபதி கலையரசன் குழு 10 சதவீதம் பரிந்துரைத்தது, அரசு 7.5 என்று முடிவு செய்தது. 2020 செப்டம்பரில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல் தாமதமாகவே, அக்டோபர் 29 அன்று அரசாணை வந்தது. மறுநாள் ஒப்புதலும் வந்தது. சாதிவாரி ஒதுக்கீட்டை இது குறைக்கவில்லை, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் இந்தப் பங்கு எடுக்கப்படுகிறது. ஊரை அளவுகோலாக ஏற்காத நீதிமன்றம் பள்ளியை அளவுகோலாக ஏற்றது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்றது.

முதல் ஆண்டுக் கவுன்சலிங், 2020 நவம்பரில் சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் நடந்தது. ஒரே ஆண்டில் 6 என்ற எண் முந்நூற்றைத் தாண்டியது. ஆனால் அரசுக் கல்லூரி இடம் கிடைக்காமல் தனியார் கல்லூரி வாய்த்த சிலர், ஆண்டுக் கட்டணம் லட்சங்களில் என்று தெரிந்ததும் இடத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கட்டணத்தை அரசே கட்டும் என்ற அறிவிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. விட்டுக்கொடுத்தவர்களில் சிலர் நீதிமன்றம் போனார்கள். தர வரிசையில் பெயர் வந்த பிறகும் வாசலில் இன்னொரு அளவுகோல், பணம், நின்றிருந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டப் படிப்புகளுக்கு 7.5 சதவீதம் விரிந்தபோது கட்டணத்தையும் அரசே ஏற்றது இந்தப் பாடத்தால்தான்.

இந்த ஒதுக்கீட்டை ஐந்தாண்டுக்குப் பின் மறு ஆய்வு செய்யவேண்டும் என்பது 2022 தீர்ப்பின் நிபந்தனை. எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று மட்டும் அந்த ஆய்வு எண்ணினால் போதாது. சட்டநாதன் செய்ததுபோல உள்ளே பிரித்துப் பார்க்க வேண்டும். 7.5க்குள் அருந்ததியர் எத்தனை பேர், மலைக் கிராமப் பழங்குடியினர் எத்தனை பேர், முதல் முயற்சியிலேயே வந்தவர்கள் எத்தனை பேர், எந்தெந்த மாவட்டங்களிலிருந்து ஒருவர்கூட வரவில்லை என்று கேட்க வேண்டும். தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் உடற்கூறியல் படிக்கும் முதலாமாண்டில் யார் தடுமாறினார்கள், அவர்களுக்குக் கல்லூரி என்ன செய்தது, எத்தனை பேர் படிப்பை உரிய காலத்தில் முடித்தார்கள் என்பதையும் கல்லூரிவாரியாக ஆண்டுதோறும் அரசு வெளியிட வேண்டும்.