தாத்தாவுக்கு மறதியா? டாக்டரிடம் இதையெல்லாம் கேளுங்க!

செஞ்சி பஸ் ஸ்டாண்டுல இறங்குற தாத்தாவுக்கு, தினமும் நடந்த வீட்டு வழியே மறந்துபோகுது. ‘வயசானா அப்படித்தான்’னு விட்டுடுறோம். ஆனால் பழகிய வழி, சமையல், பணக் கணக்கு எல்லாம் தொடர்ந்து தடுமாறினால், அது டிமென்ஷியாவாக இருக்கலாம். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இந்தப் பாதிப்பு இருப்பதாக 2023-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

முதலில் நாம் போவது ஃபேமிலி டாக்டரிடம்தான். ‘நோயின் பெயரைச் சொல்லிடலாம், அப்புறம் எங்கே அனுப்புறது?’ என்ற தயக்கம் டாக்டர்களுக்கே இருக்கு என்கின்றன பல நாட்டு ஆய்வுகள். அதனால், நாமே கேட்கலாம்.

என்ன டெஸ்ட்? தைராய்டு பிரச்னை, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, சில மாத்திரைகள்... இவற்றாலும் மறதி வரும். இவற்றுக்குத் தீர்வு உண்டு.

அடுத்து எங்கே? செஞ்சிக்காரர்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர். சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பு டிமென்ஷியாவுக்கெனத் தனிச் சேவை நடத்துகிறது.

போனில் உதவி? முதியோருக்கு 14567. பார்த்துக்கொள்பவரின் மனச்சுமைக்கு, டெலி-மானஸ் 14416. இரண்டுமே இலவசம்.

பெரும்பாலான டிமென்ஷியாவை முழுசா குணப்படுத்த முடியாது. ஆனால் பார்த்துக்கொள்பவரின் பாரத்தைக் குறைக்க முடியும். அடுத்த முறை டாக்டர், ‘தாத்தா நல்லா தூங்குறாரா?’ன்னு கேட்டால், நீங்க தூங்கி எத்தனை நாளாச்சுன்னும் சேர்த்தே சொல்லுங்க.