எதெல் அம்மையாரும் பெயர் எழுதாத கைகளும்

கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் பெயரை அறியாத பழைய மாணவிகள் எம்மில் இரார். சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தரான அவர் எழுதி 1908இல் வெளிவந்த ‘இடைக்காலச் சிங்களக் கலை’, எம் நாட்டுக் கைவினைஞர்களின் தொழிலை உலகறியச் செய்த நூல். அந்நூலின் ஒளிப்படங்களிற் பெரும்பாலானவற்றை எடுத்தவர் அவருடைய மனைவி எதெல் மேரி. அவரை அறிந்தோர் சிலரே.

எதெல் 1872இல் இங்கிலாந்தின் பார்ன்ஸ்டபிள் என்னும் ஊரில் மருந்துக்கடைக்காரர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். இசை பயின்று ஆசிரியத் தொழில் பார்த்தார். அவருடைய சகோதரர் பிரெட் பார்ட்ரிட்ஜ் நகை செய்யும் கலைஞர். 1902இல் குமாரசுவாமியை மணந்து, அடுத்த ஆண்டு கணவருடன் இலங்கைக்கு வந்தார். குமாரசுவாமி கனிப்பொருள் ஆய்வுப் பணிக்காக ஊரூராகச் சென்றபோது எதெலும் உடன் சென்றார். கல்லை ஆராய வந்த கணவரின் கவனம் கைவினைஞர் பக்கம் திரும்பியது. எதெலின் கண்ணோ தையலிலும் நெசவிலும் பதிந்தது.

கண்டிப் பகுதியில் அவர் கண்டவற்றுள் வெற்றிலைப் பை ஒன்று. கருநீலப் பருத்தித் துணி; அதன்மேல் சிவப்பு, வெள்ளை நூல்களால் சங்கிலித் தையல்; நடுவில் தாமரை. வெற்றிலை, பாக்கு கொண்டுபோக உதவும் ஒரு பைதான். ஆனால் அதன் ஓரத்தை முடிப்பதற்கே எத்தனை பொறுமை வேண்டும் என்பது, ஊசி பிடித்துப் பழகிய எமக்குத் தெரியும். தும்பறைப் பகுதியில் நார் கொண்டு நெய்யும் பாய்களையும், மரப்பட்டை, வேர், மஞ்சள் முதலியவற்றிலிருந்து சாயம் எடுக்கும் முறைகளையும் அவர் இங்கு அறிந்தார். எமது வடபுலத்துக்கும் இவ்வறிவு புதியதன்று. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டிய சாயவேர், ஒல்லாந்தர் காலத்தில் சிவப்புச் சாயத்துக்குப் பேர்போனது.

1907இல் இங்கிலாந்து திரும்பியபின் எதெல் தாமே தறியில் அமர்ந்தார். குமாரசுவாமியுடனான மணவாழ்வு நீடிக்கவில்லை. 1913இல் பிலிப் மேரேயை மணந்தார். 1916இல் இயற்கைச் சாயங்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். டிச்லிங் என்னும் கிராமத்தில் அவர் நடத்திய நெசவுக்கூடத்தில் பல நாட்டுப் பெண்கள் வந்து பயின்றனர். ‘அரச தொழிற்றுறை வடிவமைப்பாளர்’ என்னும் உயர்ந்த சிறப்பைப் பெற்ற முதற் பெண்ணும் அவரே. 1952இல் மறைந்தார். இன்று ஆங்கிலேயக் கைநெசவின் தாய் என்று அவரைப் போற்றுகின்றனர்.

இனி அந்த வெற்றிலைப் பைக்கு வருவோம். தெகல்தொருவை விகாரையின் சுவரோவியங்களை வரைந்தவர் தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே என்று வரலாறு சொல்கிறது. படம் பிடித்த எதெலின் பெயரும் இருக்கிறது. ஆனால் நூதனசாலைக் கண்ணாடிப் பெட்டிகளுள் இருக்கும் வெற்றிலைப் பைகளைத் தைத்தவர் யார்? எந்த ஊர், யாருடைய மகள், எவரிடம் பழகினார்? பொருள் இருக்கிறது, கை இல்லை. கலைஞரை மறைத்துக் கலையைப் போற்றும் இவ்வழக்கம் கண்டிக்கு மட்டும் உரியதன்று.

எமது கல்லூரிக் கைப்பணிக் கண்காட்சிகளை நினைத்துப் பாருங்கள். பனையோலைப் பெட்டி, சாயமிட்ட ஓலையில் இழைத்த தடுக்கு, பின்னல் வேலை செய்த மேசைவிரிப்பு, மணி கோத்த கைப்பை என்று மேசை நிறைந்திருக்கும். பரிசு இல்லத்துக்குப் போகும். செய்தவளின் பெயர் கடதாசித் துண்டில் இருந்து, கண்காட்சி முடிந்ததும் குப்பைக்குப் போய்விடும். எனக்கு ஓலை வார்ந்து தந்து, பொத்தக் கற்றுத்தந்த அம்மா, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருந்தவர். அவரை நாம் ‘பெட்டியம்மா’ என்றே அழைத்தோம். அவருடைய சொந்தப் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. இடப்பெயர்வில் அவர் இழைத்துத் தந்த பெட்டியும் போயிற்று. இன்று கேட்க அவரும் இல்லை.

நூற்றாண்டு காணும் வேளையில் பழைய மாணவியரிடம் ஒரு வேண்டுகோள். கொழும்பிலோ, இலண்டனிலோ, ரொறன்ரோவிலோ உங்கள் அலுமாரியில் கல்லூரிக் காலத்துக் கைவேலை ஒன்று இருந்தால் வெளியே எடுங்கள். செய்தவரின் பெயர், ஊர், ஆண்டு, கற்பித்தவரின் பெயர் ஆகிய நான்கையும் ஒரு துணித்துண்டில் எழுதி, அதன் பின்புறத்தில் தைத்துவிடுங்கள். ஒரு படமும் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். எதெல் அம்மையார் எம் நாட்டுக்கு வந்து செய்த வேலையின் மிச்சத்தை நாம் செய்வோம்.