ஆறு எது, ஓடை எது?



இவ்விழா மலருக்கு நம் வட்டாரத்து ஆறுகளின் வரலாற்றைச் சுருக்கமாக எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டுக் கொண்டார்கள். எழுதுமுன் ஒரு கேள்விக்கு விடை காணவேண்டியிருக்கிறது. எதை ஆறு என்று கொள்வது?

கள்ளக்குறிச்சி கோமுகி ஆற்றங்கரையில் அமைந்த ஊர் என்று பெருமையோடு சொல்லுகிறோம். சித்திரையில் வெளியூர் உறவினர் ஒருவர் பாலத்தின்மேல் நின்று, "ஆறு எங்கே?" என்று கேட்டால், மணலையும் கருவேல முள்ளையும்தான் காட்டமுடியும். ஐப்பசியில் அவரே வந்தால் அக்கேள்வி எழாது. ஆண்டில் சில மாதம் ஆறாகவும், மற்ற மாதங்களில் வெறும் மணலாகவும் ஒன்று இருக்கலாமா?

நம் மொழி இதற்கு அழகானதொரு விடை தருகிறது. ஆறு என்றால் வழி என்றும் பொருள். 'இவ்வாறு', 'அவ்வாறு' என்று நாம் அன்றாடம் பேசும்போது அந்த வழியைத்தான் குறிக்கிறோம். (பழைய நூல்களில் நீர் ஓடுவது யாறு, மக்கள் நடப்பது ஆறு என்று எழுத்து வேறுபடும். பின்னாளில் இரண்டும் ஒன்றாயின. தமிழாசிரியர்கள் என்மேல் கோபங்கொள்ளாதிருக்க இதையும் சொல்லி வைக்கிறேன்.) நீர் போனாலும் வழி போகவில்லை அல்லவா?

குருமடத்தில் விவிலியம் கற்றபோது இரண்டு எபிரேயச் சொற்களைப் பற்றிக் கேள்விப்பட்டோம். யூப்பிரத்தீசு போன்ற பெருநதி 'நஹார்'. மழைக்காலத்தில் மட்டும் ஓடிப் பின் வறண்டு கிடப்பது 'நஹால்'. இந்த 'நஹால்' ஓடும் நீரையும் குறிக்கும், அது ஓடுகிற பள்ளத்தாக்கையும் குறிக்கும். எலியாஸ் இறைவாக்கினர் ஒளிந்திருந்த கெரீத் ஒரு நஹால். மழையின்றி அது வற்றிப்போயிற்று என்று சொல்லும் வசனமும் அதை நஹால் என்றே அழைக்கிறது. ஈசாக்கின் ஊழியர்கள் கெரார் நஹாலில் தோண்டி ஊற்றுக் கண்டார்கள். பெண்ணையாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்பிய நம் தாய்மார்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அருளப்பர் நற்செய்தியில் ஆண்டவர் கடந்து சென்ற கெதரோனுக்குக் கிரேக்க மூலத்தில் வரும் சொல்லின் பொருள், மாரிக்காலத்தில் ஓடுவது என்பதே. நம் கோமுகிக்கு நேரான உறவு!

ஆனால் உரோமையரின் சட்டம் இவ்வளவு தாராளமானதன்று. கி.பி. 533இல் யுஸ்தினியானுஸ் பேரரசர் வெளியிட்ட சட்டத் தொகுப்பில், மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த உல்பியான் என்னும் சட்ட அறிஞரின் கருத்து இடம் பெற்றிருக்கிறது. எப்போதும் ஓடுவது வற்றாத ஆறு, மாரியில் மட்டும் ஓடுவது காட்டாறு என்று அவர் பிரிக்கிறார். பொதுமக்களுக்கு உரிய ஆறு என்னும் தகுதி வற்றாத ஆற்றுக்கே உண்டு என்னும் பழைய கருத்தையும் ஏற்றுக்கொள்கிறார். எப்போதும் ஓடும் ஆறு ஏதோ ஒரு கோடையில் வற்றிவிட்டால் அதன் தகுதி குறையாதாம். கோமுகி இந்தச் சலுகைக்கும் எட்டாது. ஆயினும் அதே இடத்தில், ஆற்றையும் ஓடையையும் எப்படிப் பிரித்தறிவது என்பதற்கு உல்பியான் இரண்டு அளவுகோல்களைத் தருகிறார். ஒன்று அதன் பெருமளவு. மற்றொன்று சுற்றி வாழ்கிற மக்களின் மதிப்பு. இந்த இரண்டாவது அளவுகோலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வற்றாததுதான் ஆறு என்று பிடிவாதமாக நின்றால் உலகத்திலேயே ஆறுகள் பாதியாகிவிடும். உலக ஆறுகளின் மொத்த நீளத்தில் பாதிக்கு மேல், ஆண்டில் ஒரு நாளாவது ஓட்டம் நின்றுவிடுகிறது என்று 2021இல் வெளியான ஓர் அறிவியல் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது.

நீர்தான் தகராறு என்றால், பெயரும் தகராறுதான். கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மயூரநதியும் மணிமுத்தாற்றோடு சேருகின்றன. மணிமுத்தாறு விருத்தாசலத்தைக் கடந்து கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. அங்கிருந்து பரங்கிப்பேட்டைக் கடல் வரை வெள்ளாறு என்ற பெயரே நிற்கிறது. அந்த வெள்ளாறும் வெள்ளாறாகப் பிறப்பதில்லை. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் வசிஷ்ட நதியும், கொல்லிமலையிலிருந்து வரும் சுவேத நதியும் கூடிய பிறகே அப்பெயர் வருகிறது. 'சுவேதம்' என்றாலும் வெண்மையே. ஒரே பெயர் மேலே வடமொழியிலும் கீழே தமிழிலும் வழங்குகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்காவில் மிசௌரி நீளமானது, ஆயினும் கடல் சேரும்போது மிசிசிப்பிக்கே பெயர். பரங்கிப்பேட்டையில் கடலைச் சேரும் நீரில் கள்ளக்குறிச்சியின் பங்கு உண்டு, பெயரில் இல்லை.

பெயர்ப் பட்டியலால் வழக்கு வந்ததும் உண்டு. திருக்கோயிலூர் வழியாக நம் மாவட்டத்தில் ஓடும் பெண்ணையாறு மைசூர்ச் சீமையில் பிறப்பது. 1892 பிப்ரவரியில் சென்னை அரசும் மைசூரும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, சென்னையைக் கேளாமல் மைசூர் புதிய அணை கட்டலாகாது என்று குறித்த முதன்மை ஆறுகள் 15. துங்கா, பத்ரா, இரண்டும் கூடிய துங்கபத்ரா ஆகியவை அங்கே மூன்று ஆறுகள்! யகச்சி ஆறோ பேலூர்ப் பாலம் வரையில்தான் பட்டியலில் சேரும். பாலத்துக்கு அப்பால் ஓடும் நீர் வேறு நீரா என்று கேட்கத் தோன்றுகிறது. பெண்ணையாறு தட்சிண பினாகினி என்ற பெயரோடு அதில் உண்டு. அதன் துணையாறான மார்க்கண்டேய நதியின் பெயர் அந்த 15இல் இல்லை. அந்நதியின்மேல் கர்நாடகம் யார்கோளில் அணை கட்டியபோது, துணையாறும் ஆற்றின் பகுதியே என்று தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் சென்றது. 2019 நவம்பரில் நீதிமன்றம் அம்மனுவைத் தள்ளி, நடுவர் மன்றம் கோரும்படி வழிகாட்டியது. அணை எழும்பிவிட்டது.

இனி நம் கிராமக் கணக்குக்கு வருவோம். பெரும்பாலோருக்கு ஆறு என்பது இங்கேதான் முடிவாகிறது. 'அ' பதிவேட்டில் ஒரு புல எண்ணுக்கு எதிரே ஆற்றுப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு என்று எழுதியிருக்கும். 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் ஆறு, ஓடை, ஏரி ஆகியவற்றின் படுகைகளை அரசின் உடைமை என்கிறது. உரோமையரைவிட நம் சட்டம் ஒருபடி மேல். வற்றியதா வற்றாததா என்று கேளாமல், படுகையையே பெயர் சொல்லிக் காக்கிறது. ஆனால் கணக்கில் ஏறாத படுகையை எந்தச் சட்டம் காக்கும்? கல்வராயன் மலை 1976 வரை சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தாரர்களின் ஆளுகையில் இருந்தது. அதன்பிறகே அரசின் நேரடி நிர்வாகம் மலையேறிற்று. மலைமக்கள் தலைமுறை தலைமுறையாகப் பெயர் சொல்லி அழைத்த ஓடைகள் தாளில் ஏறுவதற்கு அவ்வளவு காலம் காத்திருந்தன.

அணைகளும் குழப்பத்தைக் கூட்டின. 1965இல் கோமுகி அணையும், 1970இல் மணிமுத்தாற்று அணையும் கட்டி முடிக்கப்பட்டன. கோமுகி அணையின் நீர்மட்டக் கணக்கு 46 அடி, மற்றதன் கணக்கு 36 அடி. இவற்றால் விளைந்த நெல்லை உண்டு வளர்ந்தவர்கள் நாம், குறை சொல்ல வரவில்லை. ஆனால் வாய்க்காலில் நீர் ஓட, ஆற்றில் மணல் கிடக்கும் நாட்கள் உண்டு. அன்றைக்கு உல்பியான் வந்தால் எதை ஆறு என்பார்?

படுகையை ஆறு என்று மதிக்காவிட்டால் என்ன நேரும் என்பதை அண்மையில் கண்டோம். திருக்கோயிலூருக்குக் கிழக்கே பெண்ணையிலிருந்து பிரிந்து கெடிலத்தை நோக்கிச் செல்லும் வழி ஒன்று உண்டு. பெரும்பாலான ஆண்டுகளில் நீரே காணாததால் மக்கள் இட்ட பெயர் மலட்டாறு. ஆறு என்பதை விடாமல்தான் மலடு என்றார்கள் என்பதைக் கவனியுங்கள். 2024 டிசம்பர் முதல் வாரத்தில் பெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. பெண்ணை கரை புரண்டது. மலட்டாறும் நிறைந்து, அரசூரில் சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையின்மேல் ஓடியது. தென்னாட்டுப் போக்குவரத்தே அங்கு நின்றது. வீடும் ஆடுமாடும் இழந்தோர் பலர். புதிய நீர் புதிய இடத்துக்கு வரவில்லை. பழைய நீர் தன் பழைய வழியில் வந்தது, வழியில் நாம் இருந்தோம்.

ஆதலால் ஒரு வேண்டுகோள். சுற்றி வாழும் மக்களின் மதிப்பே ஆற்றைத் தீர்மானிக்கும் என்றால், அந்த மக்கள் நீங்கள்தான். உங்கள் ஊருக்கு அருகே பெரியவர்கள் பெயர் சொல்லி அழைத்த ஓடை, காட்டாறு, வாரி எதுவாயினும், அதன் பெயர், அது தொடங்கும் இடம், சேரும் இடம், முன்னே எந்த மாதம் வரை அதில் நீர் நின்றது ஆகியவற்றை எழுதித் தாருங்கள். மலைக் கிளைப் பங்குகளிலிருந்து வருவோர் எழுதத் தெரியாத பாட்டன் பாட்டிகளைக் கேட்டு எழுதி வாருங்கள். பங்கு அலுவலகத்தில் இதற்கென ஒரு குறிப்பேடு திறந்திருக்கிறேன். ஞாயிறு திருப்பலிக்குப் பின் உபதேசியாரிடம் கேட்டால் எடுத்துத் தருவார்.