முத்துக் குளித்த கடலில் ஸ்கூபா: நாள் குறிப்பது யார்?

இலங்கைக்கு ஸ்கூபா டைவிங் போக வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் முதலில் பார்ப்பது விமானக் கட்டணம். இரண்டாவது ஹோட்டல். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது காற்று.

இலங்கை சின்னத் தீவுதான். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் கடல் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது மேற்கிலும் தெற்கிலும் அலை உயர்ந்து தண்ணீர் கலங்கிவிடும். அந்த மாதங்களில் கிழக்கே திருகோணமலைப் பக்கம் கடல் தெளிவாக இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்று வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. கிழக்கு கொந்தளிக்க, ஹிக்கடுவை போன்ற தென்மேற்குக் கரைகள் தெளிகின்றன. இரண்டு காற்றுகளுக்கும் இடையில் மார்ச், ஏப்ரலில் கொஞ்ச நாள் அமைதி கிடைக்கும்.

அந்தக் கொஞ்ச நாளை வைத்துத்தான் இந்தக் கடலில் இரண்டாயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் மூழ்கியிருக்கிறார்கள். ஸ்கூபா அதில் கடைசி அத்தியாயம் மட்டுமே.

சிப்பியும் கல்லும் கயிறும்

கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட கிரேக்க நூலான பெரிப்ளஸ், கொற்கையில் முத்துக் குளிப்பதைச் சொல்கிறது. அங்கே மூழ்கியவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்றும் சொல்கிறது. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, ஏப்ரல் முதல் மே நடுப்பகுதி வரை முத்துக்குளிப்பு நடந்ததாக எழுதினார். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. பெரிய மீன்கள் தாக்காமல் மந்திரம் சொல்பவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. பிற்காலத்தில் அந்த மந்திரக்காரர்களுக்குக் கடல்கட்டி என்று பெயர். பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு மந்திரத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கடல்கட்டி இல்லாமல் ஆட்கள் தண்ணீரில் இறங்கமாட்டார்கள் என்பதால் அவர்களையும் சம்பளப் பட்டியலில் வைத்திருந்தார்கள்!

முத்துச் சிப்பிகள் கூட்டமாக வளரும் கடலடித் திட்டுக்குப் ‘பார்’ என்று பெயர். மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு எதிரே இந்தப் பார்கள் இருந்தன. அரசாங்கம் முதலில் சிப்பிகளை எடுத்துப் பரிசோதிக்கும். முத்து முற்றியிருந்தால் நாள் அறிவிக்கும். உடனே வெறும் மணல்வெளியில் ஒரு நகரமே முளைக்கும். தூத்துக்குடி, கீழக்கரை, இராமேசுவரம் பக்கத்திலிருந்து பரதவர்களும் முஸ்லிம்களும் வந்தார்கள். பாரசீக வளைகுடாவிலிருந்து அரபுகள் வந்தார்கள்.

நள்ளிரவில் கரைக்காற்றைப் பிடித்துப் படகுகள் கிளம்பும். காலையில் சைகை கிடைத்ததும் மூழ்குதல் தொடங்கும். கயிற்றில் கட்டிய கனமான கல்லில் கால் வைத்து இறங்குவார்கள். ஆழம் ஏறத்தாழ 9 முதல் 18 மீட்டர். மூச்சு தாங்கும் நேரம் ஒரு நிமிடம், அனுபவசாலிகளுக்கு இன்னும் சில வினாடிகள். அதற்குள் சிப்பிகளைப் பொறுக்கிக் கூடையில் போட வேண்டும். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவர் சரியான நேரத்தில் இழுக்க வேண்டும். இன்று ஸ்கூபாவில் ‘துணை’ இல்லாமல் தனியாக மூழ்காதே என்பது முதல் பாடம். அன்றைய துணை அந்தக் கயிற்றுக்காரர்தான்.

பிற்பகலில் கடல்காற்று படகுகளைக் கரைக்குக் கொண்டு வரும். சிப்பிகள் மூன்று குவியலாகப் பிரிக்கப்படும். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று மூழ்கியவர்களுக்கு. அரசாங்கக் குவியல்கள் அன்று மாலையே ஏலம் போய்விடும். சிப்பியைத் திறந்து பார்க்காமலேயே ஏலம் எடுக்க வேண்டும் என்பதால் அது கிட்டத்தட்ட ஒரு சூதாட்டம்.

1906-இல் மரிச்சுக்கட்டியில் பணியாற்றிய இளம் அதிகாரி லியோனார்ட் வூல்ஃப், பிற்காலத்தில் வர்ஜீனியா வூல்ஃபின் கணவர். அந்த முகாமைப் பற்றித் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வேலையின் நடுவே இறந்துபோன ஓர் அரபு மூழ்காளரின் உடலைக் கரைக்குக் கொண்டுவந்த காட்சியும் அதில் வருகிறது. ஏலக் கணக்குப் புத்தகத்தில் அந்த மாதிரி இழப்புக்குத் தனிப் பத்தி கிடையாது.

இருபது ஆண்டுக் குத்தகை

வணிகம் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 1892 முதல் 1902 வரை இலங்கையில் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. பிறகு 1903-இல் விளைச்சல் வந்தது. 1904-இல் கூடியது. 1905-இல் வரலாறு காணாத அளவு: 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள், அரசாங்கத்துக்கு ஏறத்தாழ 25 லட்சம் ரூபாய்.

இதைப் பார்த்து 1906-இல் ஒரு ஆங்கிலேயக் கம்பெனி பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. ஆண்டு வாடகை 3,10,000 ரூபாய். கணக்குப் போட்டால் 1905 போல ஒரே ஒரு பருவம் வந்தால் போதும், எட்டு ஆண்டு வாடகை கையில். யாருக்குத்தான் ஆசை வராது?

1907-க்குப் பிறகு பார்கள் வெறுமையாகிவிட்டன. சில ஆண்டுகளிலேயே கம்பெனி கலைக்கப்பட்டது.

காரணம் மர்மமானது இல்லை. 1902-இல் வந்து ஆராய்ந்த வில்லியம் ஹெர்ட்மனும் அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெலும் இதை முன்பே விளக்கியிருந்தார்கள். சிப்பிக் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து வந்து பாரில் ஒட்ட வேண்டும். நீரோட்டம் வேறு திசையில் போனால் குஞ்சுகள் வந்து சேராது. வந்தவற்றையும் பருவக்காற்று கிளப்பும் மணல் மூடிவிடலாம், மீன்கள் தின்றுவிடலாம். கம்பெனி மூன்று நல்ல ஆண்டுகளைப் பார்த்தது. அதற்கு முந்தைய பதினோரு வெற்று ஆண்டுகளைப் பார்க்கவில்லை.

ஸ்கூபா வந்த கதை

தண்ணீருக்கடியில் மூச்சுவிட உதவும் அக்குவாலங் கருவியை 1943-இல் பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் எமில் கக்னானும் உருவாக்கினார்கள். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1956-இல், அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் இலங்கையில் குடியேறினார். அவரை இழுத்தது கடல்தான். அவரும் நண்பர் மைக் வில்சனும், உள்ளூர்க் கடல் நிபுணர் ரோட்னி ஜோங்க்ளாசின் துணையோடு கரை கரையாக மூழ்கினார்கள்.

அதே ஆண்டில் திருகோணமலை சுவாமி மலைக்குக் கீழே, கடலடியில் செதுக்கிய தூண்களையும் கற்களையும் வில்சன் கண்டார். 1620-களில் போர்த்துக்கீசியர் இடித்த கோணேசர் கோவிலின் மிச்சங்கள் அவை.

1961 மார்ச்சில் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள கிரேட் பாசஸ் பாறைத் திட்டில் வில்சன் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது வெள்ளி நாணயங்கள் கிடைத்தன. ஔரங்கசீப் காலத்தில் சூரத்தில் அச்சிட்ட ரூபாய்கள், ஹிஜ்ரி 1113, அதாவது 1701-02. அந்தப் பாறைத் திட்டில் ஆண்டில் சில வாரங்கள்தான் மூழ்க முடியும். 1962-இல் கிளார்க் நோயில் விழுந்தார். அந்தப் பருவம் போனது. ஆக 1963 வரை காத்திருந்துதான் முறையான ஆய்வுக்குத் திரும்பினார்கள். கூஸ்தோவின் கருவி மூச்சுப் பிரச்சினையைத் தீர்த்தது. காற்றின் நாட்காட்டியை அதனால் மாற்ற முடியவில்லை.

இன்று போகிறவர்களுக்கு

பிறகு காற்றைவிடக் கொடிய தடைகள் வந்தன. 1983 முதல் 2009 வரை நடந்த போரில் கிழக்குக் கடல் பெரும்பாலும் பயணிகளுக்கு எட்டாமல் போனது. 1998-இல் கடல் சூடேறி ஹிக்கடுவையின் பவளப்பாறைகளில் பெரும்பகுதி வெளுத்து இறந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி, ஹிக்கடுவையில் கிளார்க் நடத்திவந்த டைவிங் பள்ளியை அழித்தது.

இப்போது திட்டம் போடுகிறவர் நவம்பர் முதல் ஏப்ரல் வரை விடுமுறை இருந்தால் ஹிக்கடுவைப் பக்கம் போகலாம். மே முதல் செப்டம்பர் என்றால் நிலாவெளி, புறாமலை. மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தது. 50 மீட்டருக்கும் கீழே இருப்பதால் சாதாரண ஸ்கூபாவின் எல்லையான 40 மீட்டரைத் தாண்டுகிறது. தனிப் பயிற்சி இல்லாதவர்கள் அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது நல்லது. கடைசியாக மூழ்கிய பிறகு விமானம் ஏறக் குறைந்தது ஒரு நாள் இடைவெளியும் வேண்டும். இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் பிடிக்கும்.

நாணயங்களைக் கண்டவர்களின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. 1905-இல் அந்த 8 கோடி சிப்பிகளை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்தவர்கள் சுமார் ஐயாயிரம் பேர். அவர்களில் தமிழ்க் கரையிலிருந்து போனவர்கள் ஏராளம். ஏலத் தொகை ரூபாய் கணக்கில் பதிவாகியிருக்கிறது, அவர்களுடைய பெயர்கள் பதிவாகவில்லை. இன்று சிலிண்டரோடு அந்தக் கடலில் இறங்குகிறவர் அழுத்தமானியில் மீதிக் காற்றைப் பார்த்துக்கொள்ளலாம். அவர்களுக்கு இருந்தது மேலே கயிறு பிடித்த ஒருவரின் கை.