ஆறு என்னும் எண்: லினக்ஸ் பகிர்வு நிரலகங்களின் வரலாறு

லினக்ஸ் மேசைக்கணினியில் ஒரு செயலியின் சின்னத்தைச் சொடுக்கியும் சாளரம் திறக்காதபோது, அதே செயலியை முனையத்தில் பெயர் தட்டி இயக்கினால், ஏதோ ஒரு பகிர்வு நிரலகத்தைத் திறக்க இயலவில்லை என்னும் ஒற்றை வரி பெரும்பாலும் காணக்கிடைக்கும். பகிர்வு நிரலகம் என்பது பல செயலிகள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரற்பகுதிகளின் தொகுப்பு. செயலி தொடங்கும் நேரத்தில் அதைத் தேடி நினைவகத்தில் ஏற்றுவது இயங்குநிலை இணைப்பியின் வேலை. அந்த வரியில் நிரலகப் பெயரின் இறுதியில் நிற்கும் எண் பதிப்பு வரிசையைக் குறிப்பதாகத் தோன்றினாலும், உண்மையில் அது பழைய செயலிகளோடு நிரலகம் எத்தனை முறை உறவை முறித்துக்கொண்டது என்பதற்கான பதிவே ஆகும்.

தொடக்ககால லினக்ஸில் 'ஏ.அவுட்' என்னும் கோப்பு வடிவமே வழங்கிவந்தது. அதில் ஒவ்வொரு பகிர்வு நிரலகத்துக்கும் நினைவகத்தில் நிலையான முகவரி முன்கூட்டியே ஒதுக்கப்பட வேண்டியிருந்ததால், ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாதபடி பொதுப் பட்டியல் ஒன்றைப் பேண நேர்ந்தது. ஏறக்குறைய பட்டா வழங்குவது போன்ற ஏற்பாடு. யூனிக்ஸ் சிஸ்டம் 5-இன் நான்காம் வெளியீட்டிலிருந்து வந்த 'எல்ஃப்' வடிவம், எந்த முகவரியிலும் இயங்கக்கூடிய நிரலுக்கு வழிவகுத்து, 1995 வாக்கில் லினக்ஸ் வழங்கல்களில் பரவியபோது அந்தத் தொல்லை ஒழிந்தது.

அடுத்த முறிவு சி நிரலகத்தில் நேர்ந்தது. குனூ திட்டத்தின் சி நிரலகத்திலிருந்து 1990களின் தொடக்கத்தில் பிரிந்து வளர்ந்த லினக்ஸ் கிளை ஐந்தாம் எண் வரை சென்றது. 1997-இல் வெளிவந்த குனூவின் இரண்டாம் பதிப்புக்கு (ஜிலிப்சி 2) லினக்ஸ் உலகம் திரும்பியபோது, பழையதோடு மோதாதிருக்க அதற்கு 'லிப்சி.எஸ்ஓ.6' என்று பெயரிடப்பட்டது. இரண்டாம் பதிப்பு ஆறாம் எண்ணைச் சுமக்கும் விந்தைக்கு இந்தப் பிரிவும் சேர்க்கையுமே காரணம்.

அந்த ஆறு இன்றுவரை ஏழாகவில்லை. சன் நிறுவனத்தின் சோலாரிஸில் இருந்த கருத்தொன்றை விரித்து, நிரலகம் முழுவதற்கும் அன்றி ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் தனித்தனியே பதிப்புக் குறி இடும் முறை ஏற்கப்பட்டதால், பழைய செயலிகள் புதிய அமைப்பிலும் ஓடின. எதிர்த்திசையில் மட்டும் கதவு அடைபட்டிருந்தது. 2021-இல் வெளியான ஜிலிப்சி 2.34, செயலியைத் தொடக்கிவைக்கும் செயற்கூற்றுக்கே புதிய குறி இட்டதால், 2.35 கொண்ட உபுண்டு 22.04-இல் சி மொழியில் வழக்கமான முறையில் தொகுக்கப்பட்ட சிறு செயலிகூட, 2.31 கொண்ட 20.04-இல் தொடங்க மறுக்கிறது. கோப்பு இருக்கிறது, குறி இல்லை. ஆகவே கோப்பே இல்லாத பிழையிலிருந்து இது வேறுபட்டது, மருந்தும் வேறு. கோப்பே இல்லாத பிழைக்கு 'எல்டிடி' கட்டளையால் விடுபட்ட நிரலகத்தைக் கண்டறிந்து, உரிய பொதியை நிறுவினால் போதும். புதிய நிரலகத்துக்குப் பழைய பெயரில் குறுக்கிணைப்பு இட்டு இணைப்பியை ஏமாற்றும் பரவலான வழக்கம், எண் மாறியதன் காரணத்தையே மறுப்பதாகும்; தொடங்கிய செயலி பின்னர் நடுவழியில் முறியக்கூடும்.

நிரலகங்களைத் தம்முடனேயே சுமந்துவரும் 'ஆப்இமேஜ்' போன்ற பொதிவடிவங்கள் இந்தத் தொல்லைக்கு மாற்றாக எழுந்தவை. ஆயினும் அவை வழக்கமாக ஜிலிப்சியைச் சுமப்பதில்லை என்பதால், இயன்றவரை பழைய வழங்கல் ஒன்றிலேயே அவற்றை உருவாக்குகின்றனர். உபுண்டு 22.04 வந்தபோதோ, ஆப்இமேஜ் செயலிகள் தொடங்கத் தேவையான 'லிப்ஃப்யூஸ்.எஸ்ஓ.2' இயல்பு நிறுவலில் இல்லாமற்போனதால், அவ்வடிவிலிருந்த பல செயலிகள் அந்தப் பழைய பிழைவரியைப் போன்றதொரு வரியைக் காட்டி நின்றன.