ஆறின கஞ்சியும் ஆஸ்பத்திரிச் சோறும்

‘ஆறின கஞ்சி பழங்கஞ்சி’ என்பது நம்மவர் பழமொழி. மிஞ்சிய கறியை மாலையில் மறுபடியும் சூடுகாட்டி வைப்பதும், மிஞ்சிய சோற்றில் நீர் வார்த்துப் பழஞ்சோறாக்குவதும் யாழ்ப்பாணத்துக் குசினிகளில் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கங்கள். நீர் வார்த்த சோறு இரவில் புளிக்கிறது. அந்தப் புளிப்பு தீய கிருமிகள் பலவற்றின் பெருக்கத்தைத் தடுக்கிறது. கிருமி என ஒன்று உண்டென்று அறியாத காலத்திலேயே, சமைத்த உணவு ஆறிக்கிடக்கும் வேளைதான் ஆபத்தான வேளை என்பதை நம் தாய்மார் அநுபவத்தால் அறிந்திருந்தார்கள்.

வீட்டில் ஐந்தாறு பேருக்குச் சமைக்கும்போது இந்த அறிவு பெரும்பாலும் போதுமானது. நூற்றுக்கணக்கான நோயாளருக்குச் சமைக்கும் வைத்தியசாலையில் அது போதுமா? அங்கே சமைப்பவர் ஒருவர், பரிமாறுபவர் இன்னொருவர், உண்பவரோ இருவரையும் கேள்வி கேட்க வலுவற்றவர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேனாட்டு வைத்தியசாலை புதியதன்று. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் இங்கு வந்து, மானிப்பாயைத் தளமாகக் கொண்டு பணியாற்றினார். யாழ்ப்பாண நகரில் அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் 1850இல் ஓர் ஆஸ்பத்திரி எழுந்தது. 1864 முதல் கிறீன் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1850களில் வெளிவந்த அவரது மொழிபெயர்ப்புகளில் ஒன்று ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’. உடலின் அமைப்பு, உடலின் தொழில், உடல்நலம் பேணுதல் ஆகிய மூன்றும் அந்தப் பெயரில் அடங்கும். உற்பாலனம் மருத்துவத்தின் மூன்றில் ஒரு பங்கு என்ற கருத்தைத் தமிழ் மாணவர் தமிழிலேயே படித்தார்கள். வாந்திபேதியின் கிருமியை ரொபேட் கோக் கல்கத்தாவில் பிரித்தெடுத்தது 1884இல். கிறீன் அமெரிக்காவில் காலமானதும் அதே ஆண்டில்தான்.

அதற்குச் சரியாக நூறு ஆண்டுகளின் பின், கிருமியியலில் முன்னேறிய பிரிட்டனிலேயே ஒரு கொடுமை நிகழ்ந்தது. யோக்‌ஷயர் மாவட்டத்து வேக்பீல்டு நகரில் ஸ்டான்லி ராய்டு என்றொரு வைத்தியசாலை இருந்தது. 1818இல் ஏழை மனநோயாளருக்கென்று தொடங்கப்பட்டது அது. 1984 ஆகஸ்ட் மாத இறுதியில் ஒரு சனிக்கிழமை மாலை, அங்கிருந்தோருக்கு முன்கூட்டியே சமைத்த மாட்டிறைச்சி ஆறிய நிலையில் பரிமாறப்பட்டது. மறுநாள் முதல் வயிற்றோட்டம் விடுதி விடுதியாகப் பரவியது. 355 நோயாளரும் 106 ஊழியரும் பாதிக்கப்பட்டனர். நோயாளருள் 19 பேர் மாண்டனர். சால்மொனெல்லா என்ற கிருமியே காரணம். வெப்பமான நாளொன்றில் இறைச்சி பல மணி நேரம் குளிர்ப்பெட்டிக்கு வெளியே கிடந்தது. சமையலறையோ பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம்.

இதனினும் வெட்கத்துக்குரிய செய்தி ஒன்று உண்டு. வைத்தியசாலை முடியரசின் சொத்து. ஆகையால் உணவுச் சட்டத்தின்கீழ் அதன்மீது வழக்குத் தொடர இயலாது. தெருமுனைத் தேநீர்க் கடைக்காரரை நீதிமன்றத்துக்கு இழுக்க வல்ல சட்டம், ஆஸ்பத்திரிக் குசினி வாசலில் கைகட்டி நின்றது. விசாரணைக் குழுவின் அறிக்கை 1986இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. 1987 முதல் ஆஸ்பத்திரிக் குசினிகளும் உணவுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டன. ஒரு சிறு சட்டத் திருத்தத்துக்குப் பத்தொன்பது உயிர்கள் விலையாக வேண்டியிருந்தன. அந்த உயிர்கள், தமக்காகப் பேச எவருமில்லாத முதியோருடையவும் மனநோயாளருடையவும் உயிர்கள் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இக்காலத்தில் பிரிட்டிஷ் வைத்தியசாலைகளில் ஒரு புதுமுறை பரவி வந்தது. ஒரு மத்திய குசினியில் பெருமளவில் சமைத்து, உடனே குளிர்வித்து, சில நாள் வைத்திருந்து, விடுதியருகே மீண்டும் சூடாக்கிக் கொடுப்பதே அந்த முறை. ஆட்செலவு குறையும், விடியற்காலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் சமையலாளர் தேவையில்லை. அந்நாட்டு அரசாங்கம் 1980இல் இதற்கு வழிகாட்டு விதிகளை வெளியிட்டு, 1989இல் அவற்றைத் திருத்தி அமைத்தது. உணவின் நடுப்பகுதி 70 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இரண்டு நிமிடமேனும் இருத்தல் வேண்டும். பின்பு 90 நிமிடத்துக்குள் 3 பாகைக்குக் கீழே குளிர்விக்க வேண்டும். சமைத்த நாளும் உண்ணும் நாளும் உட்பட ஐந்து நாளுக்கு மேல் வைத்தல் ஆகாது. இடையில் 10 பாகையைத் தாண்டினால் எறிந்துவிட வேண்டும்.

விதிகள் கடுமையானவை; காரணமின்றிக் கடுமையானவை அல்ல. லிஸ்டீரியா என்றொரு கிருமி குளிர்ப்பெட்டியின் குளிரிலும் மெல்ல மெல்லப் பெருகும். 1981இல் கனடாவில் குளிரறையில் வைத்திருந்த கோவாவின் வழியே அது கர்ப்பிணிகளையும் சிசுக்களையும் தாக்கியது. 2019இல் பிரிட்டிஷ் வைத்தியசாலைகளுக்கு வெளியிலிருந்து வந்த சாண்ட்விச்சுகளின் வழியே ஏழு நோயாளரின் உயிரைக் குடித்தது. சுகதேகிக்குச் சில நாள் காய்ச்சலோடு போகக்கூடிய கிருமி, நோயாளிக்கு எமனாகிறது. சோற்றை உண்ணும் நமக்கு வேறொரு பாடமும் உண்டு. அரிசியில் ஒட்டிய ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். மறுபடி சூடாக்கினாலும் வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு அழியாது.

இந்த முறை அடிப்படையில் தீயது என்று கூறுவது என் நோக்கமன்று. விதிப்படி குளிர்வித்த உணவு, வண்டியில் மணிக்கணக்காக ஆறிக்கிடக்கும் உணவிலும் பாதுகாப்பானது. ஆயினும் அந்தக் குளிரை இடையறாது காப்பதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தானைக் கேளுங்கள். 1990 முதல் ஆண்டுக்கணக்காகக் குடாநாடு இருளில் கிடந்தது. மாணவர் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். துவிச்சக்கரவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். தேசிய மின்வலையுடன் குடாநாடு மீண்டும் இணைந்தது 2013இல். 2022 மார்ச் இறுதியிலோ நாடு முழுவதுமே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டை அநுபவித்தது. சிக்கனம் என்ற பெயரில் மேனாட்டு முறையை இங்கே இறக்குவதற்கு யாரேனும் முற்படுவாராயின், குளிரூட்டும் இயந்திரம், மின்பிறப்பாக்கி, வெப்பமானி, பயிற்சி பெற்ற ஊழியர் ஆகிய அனைத்தின் செலவையும் முதலில் கணக்கிடட்டும். இவற்றில் ஒன்றைக் குறைத்துப் பெறும் இலாபம், நோயாளியின் உயிரைப் பணயம் வைத்துப் பெறும் இலாபமேயாகும்.

ஆஸ்பத்திரிச் சோற்றை உண்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். வசதியுள்ளவனுக்கு வீட்டிலிருந்து அடுக்குச் சட்டியில் சாப்பாடு வருகிறது. தீவுப்பகுதியிலிருந்து வந்து கட்டிலில் தனித்துக் கிடக்கும் கடற்றொழிலாளிக்கும், பிள்ளைகள் கடல்கடந்துபோன கிழவிக்கும் விடுதித் தட்டே கதி. ஆகவே குசினியைப் பற்றிய கேள்வி வர்க்கத்தைப் பற்றிய கேள்வியுமாகும்.

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் இருக்கிறார்கள். கடைகளை நோக்கும் அதே கண்களால் வைத்தியசாலைக் குசினிகளையும் அவர்கள் நோக்க வேண்டும். கண்டதை மக்கள் அறியச் சொல்ல வேண்டும். மானிப்பாயில் தமிழில் கற்பிக்கப்பட்ட உற்பாலனம் ஒரு பரீட்சைப் பாடம் மட்டுமன்று. நோயுற்ற மனிதனின் தட்டில் விழும் ஒவ்வொரு பிடி சோற்றுக்கும் சமுதாயம் பொறுப்பு என்பதே அதன் பொருள். அந்தப் பாடத்தை இன்று மாணவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள், ஆசிரியர்களாகிய நாமே.