கல்லறைத் தோட்டத்தில் ஓடிய முதியவர்

ஐம்பதைத் தொட்டவுடன் 'இனி நமக்கென்ன?' என்று திண்ணையில் சாய்ந்துவிடுவோர் நம்மில் பலர். அவர்களைக் காணும்போதெல்லாம் கனடா நாட்டின் எட் விட்லாக் நம் நினைவுக்கு வருகிறார்.

1931-இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், தொழிலால் சுரங்கப் பொறியாளர். கல்லூரி நாட்களில் ஓடியவர்தாம். ஆயினும் கனடாவில் குடியேறியபின் ஓட்டத்தை அடியோடு விட்டுவிட்டார். மீண்டும் தொடங்கியது நாற்பதைக் கடந்த பிறகே. எழுபதைத் தாண்டிய எவரும் 42.195 கிலோமீட்டர் மாரத்தானை மூன்று மணி நேரத்துக்குள் முடித்ததில்லை என்றிருந்த காலம் அது. 2001-இல் முயன்றார்; ஒரு நிமிடம்கூட இல்லாத வித்தியாசத்தில் தவறிற்று. 2003-இல் டொராண்டோவில், 72-ஆம் வயதில், 2 மணி 59 நிமிடம் 10 நொடியில் முடித்தார். மறு ஆண்டு 2 மணி 54 நிமிடம் 48 நொடி!

பயிற்சியாளர் இல்லை, தனி உணவுமுறை இல்லை. மில்டன் ஊரில் தம் வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்துப் பாதையையே மெதுவாக, மூன்று மணி நேரம் வரைகூட, சுற்றிச் சுற்றி வந்தார். வண்டித் தொல்லை இல்லை. எதிர்காற்றும் நெடுநேரம் வாட்டாது. கால் நொந்தால் வீடு பக்கம். பயிற்சி இன்பமானது என்று அவர் சொல்லிக்கொண்டதில்லை. பந்தயம்தான் அவருக்கு இன்பம். இந்த நேர்மை நமக்குப் பிடித்திருக்கிறது. உடற்பயிற்சியின் புகழ் பாடுவோர் பலர் இதனை ஒப்புக்கொள்வதில்லை.

அவருடைய உடல்வாகு பிறவிக் கொடை என்பார் உளர், நாமும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கொடை ஏறத்தாழ இருபதாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்ததே!

2016 அக்டோபரில், 85-ஆம் வயதில், அதே டொராண்டோவில் 3 மணி 56 நிமிடம் 34 நொடியில் ஓடி முடித்தார். ஐந்தே மாதங்களில், 2017 மார்ச் 13 அன்று, புற்றுநோயால் காலமானார்.